கடைமடைக்குப் போகும் பாசஞ்சர்

நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களில் சிலர் தினசரிப் பத்திரிகை படிக்கிறார்கள். வேறு சிலர் இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சி விவாதங்களைக் கேட்டு, ரத்தக் கொதிப்பு ஏறி, மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கிறார்கள். இவ்விரண்டு மார்க்கங்களையும் நான் நிந்திக்கவில்லை. ஆனால் தஞ்சாவூர்ச் சீமையின் அரசியலை அதற்கே உரிய நிதானமான கதியில் அறிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள், தஞ்சாவூர் ஜங்ஷனில் கிழக்கே போகிற பாசஞ்சர் வண்டி ஒன்றில் ஏறி, நடுவாக ஓர் ஆசனம் பிடித்து உட்கார்ந்து, கூடிய வரையில் வாயைத் திறவாமல் இருந்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். எக்ஸ்பிரஸ் வண்டியில் இந்தப் பிரயோஜனம் கிடைப்பதில்லை. அங்கே ஒவ்வொருவரும் தமக்கென்று ஒதுக்கிய எண்ணில் உட்கார்ந்து, காதில் எதையோ செருகிக்கொண்டு, சென்னை வரும் வரையில் அந்நியராகவே இருந்துவிடுகிறார்கள். பாசஞ்சரிலோ, சாலியமங்கலத்தில் ஏறி நீடாமங்கலத்தில் இறங்கப் போகிறவர்கூட, அந்தச் சொற்ப நேரத்துக்குள் தம்முடைய மகளின் கல்யாணத்தையும், சம்பாவின் மகசூலையும், வரப்போகிற தேர்தலின் முடிவையும் சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்.

தை மாதக் கடைசியில், சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு நாள் காலையில் நான் இவ்விதம் புறப்பட்டேன். திருவாரூர் போய், அங்கே வண்டி மாறித் திருத்துறைப்பூண்டி போய், முடிந்தால் வேதாரண்யம் வரையில் போவது என்பது உத்தேசம். வேலை எதுவும் இல்லை. பழைய தஞ்சாவூர் ஜில்லாவைத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று இப்போது நாலாகப் பிரித்திருக்கிறார்கள். ஆனால் கல்லணையில் பிரிகிற தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. தண்டவாளமும் ஏறக்குறையத் தண்ணீரைப் போலவேதான் இங்கே போகிறது. மேற்கே தலைமடையில் புறப்பட்டு, வெண்ணாறும் வெட்டாறும் கோரையாறும் அவற்றின் கிளைகளும் மெலிந்துகொண்டே போகும் திசையில், கடலோரத்துக் கடைமடையை நோக்கி அதுவும் செல்கிறது. ஆகையால் இந்த வழியில் பிரயாணம் செய்கிறவர் ஒரே நாளில் தலைமடையின் மனோபாவத்தையும் கடைமடையின் மனோபாவத்தையும் பார்த்துவிடலாம்.

இந்தப் பாதையின் பூர்வோத்தரம் சற்று விசித்திரமானது. கிரேட் சதர்ன் ஆப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனியார் 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும், அதற்கு அடுத்த வருஷம் திருச்சிராப்பள்ளிக்கும் வண்டி விட்டார்கள். அதாவது இந்தச் சீமைக்கு ரயில் கடலோரத்திலிருந்து மேற்கே வந்ததே தவிர, மேற்கேயிருந்து கிழக்கே போகவில்லை. அப்போது போட்டது அகலப் பாதை. 1875-ல் அதைப் பிடுங்கி மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். நம்முடைய காலத்தில் அதையும் பிடுங்கி மறுபடியும் அகலப் பாதை ஆக்கினார்கள். நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பட்டறை 1928-ல் பொன்மலைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வருஷத்தில் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தமும், அதற்காகச் சிங்காரவேலர் முதலானோர் சிறை சென்றதும் தொழிற்சங்கச் சரித்திரத்தில் பெரிய அத்தியாயம். கடைமடையில் தொடங்கிய காரியங்கள் காலக்கிரமத்தில் மேற்கே நகர்ந்துவிடுவதற்கு அந்தப் பட்டறையும் ஒரு திருஷ்டாந்தம்.

வண்டி புறப்பட்டது. எங்கள் பெட்டியில் கூட்டம் சுமார்தான். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லையென்று 2021-ல் ஆன பிறகு பாசஞ்சரில் பெண்கள் குறைந்துவிட்டார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். ஆனால் அதற்கு வேறொரு காரணமும் உண்டு. கொரோனாக் காலத்தில் பாசஞ்சர் வண்டிகளை நிறுத்திவிட்டு, பிறகு அவற்றையே சிறப்பு எக்ஸ்பிரஸ் என்ற நாமதேயத்துடன் ஓட்டியபோது, பத்து ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் முப்பது ரூபாய் ஆயிற்று. அதே எஞ்சின், அதே பெட்டி, அதே ஸ்டேஷன்களில் அதே தாமதம். பெயர் மட்டும் எக்ஸ்பிரஸ். பழைய பத்து ரூபாய் 2024 பிப்ரவரியில்தான் திரும்பி வந்தது. நாலு வருஷம் பஸ்ஸில் போய்ப் பழகிய கால்கள், கட்டணம் குறைந்ததென்று கேள்விப்பட்ட மறுநாளே ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடுமா? ஒரு சர்க்கார், அது டில்லி சர்க்கார் ஆனாலும் சென்னை சர்க்கார் ஆனாலும், ஏழைகளின் பழக்கத்தை ஒரு உத்தரவினால் கலைத்துவிடலாம். மற்றோர் உத்தரவினால் அதைத் திரும்பக் கட்டிவிட முடியாது.

குடிகாடு தாண்டியதும் இரு பக்கமும் வயல்கள்தாம். பாதி அறுத்தாகிவிட்டது, பாதி பொன்னிறமாகத் தலை சாய்ந்து நின்றது. அறுவடை என்றதும் பழைய சித்திரக்காரர்கள் வரைந்த மாதிரி வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்களை எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அறுக்கிறது மெஷின். சேற்று வயலாக இருந்தால் செயின் வண்டி. காய்ந்த வயலாக இருந்தால் டயர் வண்டி. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. முப்பது ஆட்கள் இரண்டு நாள் செய்கிற வேலையை அது மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு, வைக்கோலைத் துண்டு துண்டாக இறைத்துவிட்டுப் போய்விடுகிறது. நடவுக்கோ, இப்போது பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இவர்களைப் பற்றித்தான் எங்கள் பெட்டியில் முதல் அரசியல் விவாதம் ஆரம்பமாயிற்று.

அம்மாபேட்டையில் ஏறிய ஒரு வாலிபர், வடக்கத்தி ஆட்கள் வந்து நம்முடைய ஜனங்களின் வேலையைப் பறித்துக்கொள்கிறார்கள் என்றும், இதைக் கேட்பதற்கு ஒரு கட்சிதான் இருக்கிறது என்றும் பலமாகச் சொன்னார். எதிரே, காலடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வயதான அம்மாள், தம் ஆயுள் முழுவதும் நடவு நட்டவர் என்பது அவருடைய விரல்களிலேயே தெரிய, நிதானமாகச் சொன்னார்: "பறிச்சுக்கிட்டா போவுதுவ தம்பி? எம் மவளைக் கூப்பிட்டுப் பாருங்க, வயல்ல எறங்குதான்னு. திருப்பூருல பனியன் கம்பெனிக்குப் போயிடுச்சு. இந்தப் புள்ளைங்களும் அங்க பொழப்பு இல்லாமத்தான் இஞ்ச வருதுவ. வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல." வாலிபருக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அவர் செல்போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். அந்த அம்மாளுடைய பதிலில் இருந்த பொருளாதார ஞானம் பல மேடைப் பிரசங்கங்களில் கிடையாது என்றே எனக்குத் தோன்றியது.

இந்த இடத்தில் கோயில்வெண்ணி வந்தது. சின்ன ஸ்டேஷன். பிளாட்பாரத்தில் இறங்கினவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் கரிகாலன் பகைவரை வென்ற வெண்ணிப் போர் நிகழ்ந்த ஸ்தலம் இதுதான் என்பது பொதுவான துணிபு. அந்தப் போரைப் பாடிய வெண்ணிக் குயத்தியார் என்ற பெண்பாற் புலவர், வெற்றி பெற்ற சோழனை நோக்கியே, உன்னைக் காட்டிலும் நீ தோற்கடித்த சேரன் அல்லவா நல்லவன், முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தானே என்னும் கருத்துப்படப் பாடியிருக்கிறார்; அந்தச் செய்யுள் புறநானூற்றில் இருக்கிறது. ஒரு குயவர் குலத்துப் பெண் ஜயித்த ராஜாவின் எதிரில் தோற்றவனைப் புகழ்ந்திருக்கிறாள், ராஜாவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். இன்றைக்கு எந்தக் கட்சியிலாவது, தேர்தல் முடிந்த மறுநாள், தலைவரின் எதிரில் நின்று தோற்ற வேட்பாளரைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்! சாயங்காலத்துக்குள் அவர் அடிப்படை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கப்பட்டிருப்பார்.

நீடாமங்கலத்தைப் பற்றி நான் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், நாகப்பட்டினம் போகும் சாலைக்காரர்களுக்கு இந்த ஊர் ஒரு சாபம். சாலையின் குறுக்கே ரயில்வே கேட்; கேட்டுக்கு அருகிலேயே ஜங்ஷன்; மன்னார்குடிக் கிளைப் பாதை இங்கே பிரிகிறது; 2011-ல் அந்தப் பாதை மறுபடியும் திறந்த பிறகு வண்டிகளும் அதிகம். இவையெல்லாம் போதாதென்று, இங்கே நெல் ஏற்றுகிற கூட்ஸ் வண்டிகளுக்கு எஞ்சின் முன்னும் பின்னும் போய்வர வேண்டியிருப்பதால், கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று ஜோசியர்களாலும் சொல்ல முடியாது. ஆம்புலன்ஸும், கல்யாண வேனும், லாரியும் ஒரே வரிசையில் நிற்பதை நான் கேட்டுக்கு வெளியே நின்றும் பார்த்திருக்கிறேன். இப்போது ரயிலுக்குள்ளிருந்து பார்த்தேன். உள்ளேயிருந்து பார்ப்பது எவ்வளவோ மேல்.

ஆனால் நான் சொல்ல வந்தது கேட்டைப் பற்றியன்று, அந்தக் கூட்ஸ் வண்டியைப் பற்றி. நீளமாக நின்ற அந்த வண்டியில் சுமை தூக்குகிறவர்கள் நாற்பது கிலோ மூட்டைகளை முதுகில் ஏற்றி வரிசையாகக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நுகர்பொருள் வாணிபக் கழகம் வாங்கிய நெல், அரவைக்காக வேறு ஜில்லாக்களுக்குப் போகிறது. இந்தக் காட்சியைக் கண்டதும் பெட்டி முழுவதும் ஒரே பேச்சாகிவிட்டது. 2025 செப்டம்பர் முதல் சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாயும், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாயும் கொடுத்துவந்தார்கள். 2,500 கொடுப்போம் என்பது 2021 தேர்தல் வாக்குறுதி. ஐந்து வருஷ ஆட்சியின் கடைசி வருஷத்தில்தான் அது நிறைவேறியது என்று ஒருவர் குறை சொல்ல, கொடுக்காமலே போனவர்களும் உண்டே என்று இன்னொருவர் சமாதானம் சொன்னார். விலையைப் பற்றிய தர்க்கம் அவ்வளவோடு நின்றுவிட்டது. ஈரப்பதத்தைப் பற்றிய தர்க்கம் கொரடாச்சேரி வரையில் ஓயவில்லை.

நெல்லில் ஈரம் நூற்றுக்குப் பதினேழுக்கு மேல் இருந்தால் எடுக்கலாகாது என்பது மத்திய சர்க்காரின் விதி. ஐப்பசி மழையில் குறுவை அறுக்கிற பூமியில் இந்தப் பதினேழு எங்கிருந்து வரும்? ஆகவே ஏறக்குறைய வருஷந்தோறும் ஒரு சடங்கு நடக்கிறது. நெல் நனைந்து முளைவிடும். படங்கள் பத்திரிகையில் வரும். மாநில சர்க்கார் இருபத்திரண்டு வரையில் தளர்த்தும்படி டில்லிக்கு எழுதும். டில்லியிலிருந்து நிபுணர் குழு வந்து ஒரு பிடி நெல்லை எடுத்துக் காகிதப் பையில் போட்டுக்கொண்டு போகும். அவர்கள் பதில் எழுதுவதற்குள் வெயில் வந்து நெல் தானாகவே காய்ந்திருக்கும், அல்லது அடுத்த மழை வந்து அழுகியிருக்கும். 2025 அக்டோபரிலும் இதுதான் நடந்தது. குறுவை நன்றாக விளைந்துவிட்டது, சாக்கும், கிடங்கும், லாரியும் அந்த விளைச்சலுக்குத் தயாராக இல்லை, மூட்டைகள் நனைந்தன. எதிர்க்கட்சித் தலைவர் வந்து பார்த்தார், மந்திரிகள் வந்து பார்த்தார்கள், புள்ளி விவரங்களைப் பரஸ்பரம் வீசிக்கொண்டார்கள். "விளையலேன்னாலும் அழுவணும், வெளஞ்சாலும் அழுவணும்" என்றார் கொரடாச்சேரியில் இறங்க வேண்டிய ஒரு பெரியவர்.

இந்தப் பெரியவர் கடுக்கன் போட்டவர். மூன்று வேலி நிலம் இருந்த குடும்பத்தில் பிறந்து, உச்சவரம்பிலும் பாகப்பிரிவினையிலும் கழிந்தது போகப் பத்து மா மிஞ்சியிருப்பதாகச் சொன்னார். காவிரியைப் பற்றி அவர் பேசினதை நான் கவனமாகக் கேட்டேன். "மேட்டூர்ல தொறந்தா டிவியில காட்டுறாங்க. பூத் தூவுறாங்க. ஜூன் பன்னெண்டுன்னு குழந்தைக்குக்கூடத் தெரியும். நம்ம மதகுல தண்ணி என்னைக்கு வந்துச்சுன்னு எவனுக்காவது தெரியுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையை ஜூன் 12-ந் தேதி திறப்பது சம்பிரதாயம். 2022-ல் மே மாதமே திறந்தார்கள். 2023-ல் குறித்த தேதியில் திறந்தும் பிறகு மேலே இருந்து வரத்து இல்லாமல் குறுவை கருகிற்று. 2024-ல் ஜூலைக் கடைசி வரையில் காத்திருக்க நேர்ந்தது. 2025-ல் மறுபடியும் ஜூன் 12. அணை திறந்த தேதி எல்லோருக்கும் மனப்பாடம். அந்தத் தண்ணீர் கல்லணை வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் மறுபடியும் பிரிந்து, ஏ வாய்க்கால் பி வாய்க்கால் என்று இறங்கி, கடைசியில் டி வாய்க்காலின் வாலில் இருக்கிற ஒரு மா நிலத்தை எட்டினதா என்பது மட்டும் யாருடைய மனத்திலும் இல்லை.

வாலிபருக்கு இது சமாதானமாகவில்லை. "கர்நாடகாக்காரன் அடைச்சு வச்சிருக்கான் பெரியப்பா, அதைப் பேசாம வாய்க்காலைப் பேசுறீங்களே" என்றார். இருவரும் ஒரே பக்கத்து ஊர்க்காரர்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெரியவர் கோபிக்கவில்லை. அவனும் வெள்ளாமைக்காரன்தான் என்றார். ஆனால் நம் பங்கைக் கேட்கத்தான் வேண்டும், கேட்காமல் இருந்தால் கிடைக்காது என்றும் சொன்னார். என்னுடைய அபிப்பிராயமும் ஏறக்குறைய அதுவே. 1924 ஒப்பந்தம் முதல், 1990-ல் அமைத்த நடுவர் மன்றம், 2007-ல் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்று அது அளித்த தீர்ப்பு, அதில் 14.75 டி.எம்.சி.யைக் குறைத்து 2018-ல் சுப்ரீம் கோர்ட் வழங்கிய தீர்ப்பு, அந்த வருஷமே ஏற்பட்ட ஆணையம் ஆகிய இவ்வளவும் கட்சி பேதமின்றி நாம் நடத்திய நீண்ட வழக்கின் பலன்கள். அவற்றை அலட்சியமாகப் பேசுகிறவனை நான் மதிக்க மாட்டேன். மழை பொய்த்த வருஷத்தில் பற்றாக்குறையை எப்படிப் பகிர்வது என்ற ஒரே கேள்விக்குத்தான் இன்னும் திருப்திகரமான விடை இல்லை. மேகதாதுவில் கர்நாடகம் அணை கட்ட நினைப்பதைப் பற்றிய நம்முடைய அச்சமும் அதிலிருந்தே பிறக்கிறது. ஆனால் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் வந்து சேர்ந்த தண்ணீருக்குப் பிற்பாடு நேருகிற கதிக்குக் கர்நாடகத்தின்மீது பழி போட முடியாது. அது நம்முடைய மதகு, நம்முடைய வாய்க்கால், நம்முடைய ஆகாயத்தாமரை. தலைமடைச் சண்டையில் கிடைக்கிற புகழ் கடைமடை வேலையில் கிடைப்பதில்லை. அதனாலேயே அரசியல்வாதிகள் அதை நாடுவதில்லை.

திருவாரூரில் வண்டி மாற நேரம் இருந்தது. தியாகராஜரின் ஆழித்தேரையும், சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த ஊர் என்ற பெருமையையும், திருக்குவளையில் பிறந்து இங்கே பள்ளிக்கூடத்தில் படித்த கலைஞர் கருணாநிதி கடைசி இரண்டு தேர்தல்களிலும் இந்தத் தொகுதியிலிருந்தே சட்டசபைக்குப் போனார் என்பதையும் ஊர்க்காரர்கள் சொல்லாமல் விடமாட்டார்கள். எனக்கு அந்த ஸ்டேஷனில் வேறு ஒரு ஞாபகம்தான் மேலோங்கி நின்றது. இங்கிருந்து தெற்கே போகிற பாதை, அதாவது மாயவரம் என்ற மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரையில் 1894-லும், பட்டுக்கோட்டை தாண்டி அறந்தாங்கி வரையில் 1903-லும் முடிந்த பாதை, எந்தச் சீமைக் கம்பெனியின் முதலீட்டிலும் போட்டதன்று. தஞ்சாவூர் ஜில்லா போர்டார் நிலத்தீர்வையோடு ஒரு சிறு வரியைச் சேர்த்து வசூலித்து, அந்தப் பணத்தைக் கொண்டு போட்ட ரயில் அது. பெயரே தஞ்சாவூர் ஜில்லா போர்டு ரயில்வே. மிராசுதார்கள் ஆதிக்கம் செலுத்திய போர்டுதான், சந்தேகமில்லை. வரியின் பாரம் கடைசியில் யார் முதுகில் இறங்கியிருக்கும் என்பதையும் ஊகிக்கலாம். ஆயினும் தண்டவாளம் தங்கள் ஊர் வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானித்தவர்களும், அதற்குப் பணம் கொடுத்தவர்களும், அதில் ஏறிப் போனவர்களும் இந்த ஜில்லாக்காரர்களே.

இந்த ரயில் பிற்காலத்தில் எந்த நிலைக்கு வந்தது என்பதைப் பாருங்கள். அகலப் பாதை ஆக்குவதற்காக 2012-ல் நிறுத்தினார்கள். ஏழு வருஷம் ரயிலே இல்லை. 2019 ஜூன் முதல் தேதி திருவாரூரிலிருந்து காரைக்குடிக்கு மறுபடியும் வண்டி விட்டபோது, லெவல் கிராஸிங்குகளுக்குக் கேட்கீப்பர்களை நியமிக்கவில்லை. ஆகையால் வண்டியிலேயே கேட்கீப்பர்களை ஏற்றி அனுப்பினார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலும் வண்டி நிற்கும். முன்புறமிருந்து ஒருவர் இறங்கி ஓடிக் கேட்டைச் சாத்துவார். வண்டி மெல்லக் கடந்ததும் மறுபடியும் நிற்கும். பின்புறமிருந்து மற்றொருவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். நூற்றைம்பது கிலோமீட்டர் போக ஆறு மணி நேரத்துக்கு மேல். ஒரு கேட்டில் ஒரு மனிதரை உட்கார வைப்பதற்கு இந்த ஜில்லாவில் ஒருவருக்கும் அதிகாரம் இல்லை. ஊரார் மனு எழுதினார்கள், பயணிகள் சங்கத்தார் மனு எழுதினார்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள் கேள்வி கேட்டார்கள். நூறு வருஷத்துக்கு முன் ரயிலையே போட்டுக்கொண்ட பூமி, ஒரு கேட்கீப்பருக்காக விண்ணப்பித்துக்கொண்டு நின்றது. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-ல் போட்ட பாதை 1986-ல் மூடியது மூடியதுதான். அந்த ஊர்க்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

டில்லியைக் குறை சொல்வது சுலபம். நான் சென்னையையும் சேர்த்தே சொல்கிறேன். ஜில்லா போர்டுகள் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. கிராமப் பஞ்சாயத்துக்கள் இருக்கின்றனவே என்பீர்களானால், 2016-ல் பதவிக்காலம் முடிந்து மூன்று வருஷம் தேர்தல் இல்லாமல் கிடந்து, 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து, அந்தப் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5-ந் தேதி முடிந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேலாகியும் தனி அலுவலர்கள்தாம் நிர்வாகம். மாநில சுயாட்சியைப் பற்றி நம் தலைவர்கள் டில்லியை நோக்கிப் பேசுவதெல்லாம் எனக்கு உடன்பாடே. அதே வாதத்தை ஒரு பஞ்சாயத்துத் தலைவர் சென்னையை நோக்கிப் பேசினால் மட்டும் அவர்களுக்குச் செவி மந்தமாகிவிடுகிறது. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் இதில் ஒற்றுமை. புதிதாகக் கட்சி ஆரம்பித்த ஒரு நடிகரும் 2025 புரட்டாசியில் திருவாரூருக்கும் நாகைக்கும் வந்து போனார். கூட்டம் பிரமாதம் என்றார்கள்.

திருத்துறைப்பூண்டி வண்டி வந்தது. திருநெல்லிக்காவல், ஆலத்தம்பாடி, மணலி என்று ஸ்டேஷன்கள் போகப் போக, ஆறுகள் மெலிந்து, வயல்கள் அகன்று, மரங்கள் குறைந்து, வானம் பெரிதாகிறது. விலையைப் பற்றிய பேச்சு குறைந்து கூலியைப் பற்றிய பேச்சு அதிகமாகிறது. இந்தப் பக்கம் பெரும்பண்ணைகளின் பூமியாக இருந்தது. சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த காலத்தில் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டிய பி. சீனிவாச ராவுக்குத் திருத்துறைப்பூண்டியில் நினைவிடம் இருக்கிறது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்கு அந்த இயக்கம் கொடுத்த நெருக்கடியே முக்கியக் காரணம். அவர் தென் கன்னடத்துக்காரர். காவிரிக்காகக் கன்னடியர்மீது சீறுகிற மேடைகளில் இவருடைய பெயரையும் ஒருமுறை சொன்னால் நன்றாயிருக்கும். சட்டம் வந்து பதினாறு வருஷத்துக்குப் பிறகும், 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு, கீழ்வெண்மணியில் நாற்பத்து நாலு பேரை ஒரு குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வும் சங்கக் கொடியுந்தான் சண்டையின் மூலம். தஞ்சாவூரின் சங்கீதத்தையும் கோபுரங்களையும் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஊர்ப் பெயரைத் தவிர்த்துவிடுவது வழக்கம். அந்த வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த ஜில்லாவுக்குத் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து உப்பெடுக்க நடந்து வந்தபோது, சத்தியாக்கிரகிகளுக்குச் சோறு போடக் கூடாதென்று கலெக்டர் தார்ன் உத்தரவு போட, ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். மீத்தேன் எடுக்கக் கம்பெனியார் வந்தபோது இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 2013 டிசம்பரில் அந்தப் பிரசார யாத்திரையின் நடுவிலேயே பட்டுக்கோட்டைக்கு அருகில் காலமானார். 2017-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்ததும் முதலில் சாலையில் உட்கார்ந்தது கட்சிக்காரர்கள் அல்லர், அந்த ஊர்ப் பெண்கள். 2020-ல் எடப்பாடி பழனிசாமி சர்க்கார் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் போட்டதும், 2023-ல் வடசேரி நிலக்கரி வட்டாரத்தை டில்லி ஏலப் பட்டியலிலிருந்து எடுத்ததும் இப்படி எழுந்த குரலுக்குப் பிறகுதான். கட்சிகள் பின்னால் வந்து மாலையைப் போட்டுக்கொண்டன. போட்டுக்கொள்ளட்டும், தோஷமில்லை.

திருத்துறைப்பூண்டி பிளாட்பாரத்தில் அகஸ்தியம்பள்ளி வண்டிக்காகக் காத்திருந்தேன். முப்பத்தேழு கிலோமீட்டர் கொண்ட இந்தக் கிளையை அகலப்படுத்தி 2023 ஏப்ரலில் மறுபடியும் திறந்திருக்கிறார்கள். கரியாப்பட்டினம், குரவப்புலம், தோப்புத்துறை வழியாக வேதாரண்யத்து உப்பளங்கள் வரையில் போகிறது. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடுத்தர வயதுக்காரர், நான் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, "சார், மனு எழுதத் தெரியுங்களா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் ஊர் வாய்க்கால் மதகின் பலகை துருப்பிடித்து உடைந்துவிட்டதாம். அதைத் தூக்கவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை; ஆற்றில் தண்ணீர் இருக்கும்போது வயலுக்கு வராது, வயலில் தண்ணீர் நிற்கும்போது வடியாது.

விஷயத்தை எழுத ஐந்து வரிக்கு மேல் பிடிக்கவில்லை. பெறுநர் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். பஞ்சாயத்துத் தலைவருக்கா என்று கேட்டேன். "அவருக்குப் பதவி போயி ஒரு வருஷம் ஆச்சுங்களே" என்றார். அப்படியானால் தனி அலுவலர். அவருக்கு மதகின்மேல் அதிகாரம் இல்லை. அது பாசனப் பொறியாளரைச் சேர்ந்தது. பொறியாளருக்கு நிதி மேலேயிருந்து வர வேண்டும், ஆகவே செயற்பொறியாளர். எதற்கும் கலெக்டருக்கு ஒன்று. அம்மா திட்டம் என்று முன்னே ஒரு முகாம் நடந்தது, உங்களுடன் ஸ்டாலின் என்று பின்னே ஒரு முகாம் நடந்தது, இரண்டிலும் கொடுத்துப் பார்த்ததாகச் சொன்னார். அடுத்தது எந்தப் பெயரில் வருமோ, அதற்கும் ஒரு நகல் கையில் இருக்கட்டும் என்றார். எம்.எல்.ஏ.வை விட முடியாது, தேர்தல் வருகிறது. எம்.பி.யை விட்டால் வருத்தப்படுவார். இவ்விதமாகப் பெறுநர் பட்டியல் முதல் பக்கத்தை நிரப்பி, விஷயம் பின்பக்கத்துக்குப் போய்விட்டது.

பலகையைச் சரிபண்ண எவ்வளவு ஆகும் என்று விசாரித்தேன். "இஞ்ச கடைத்தெருவுல வெல்டிங் பட்டறையில கேட்டுட்டோம் சார். ஊர்ல தலைக்கு நூறு ரூவா போட்டா முடிஞ்சுடும். பணம்கூடச் சேத்து வச்சிருக்கோம்" என்றார். பின்னே ஏன் செய்யவில்லை என்றேன். "சர்க்கார் மதகுல கைய வச்சா கேஸு போட்டுருவாங்கங்கறாங்க. அதான், செஞ்சுக்கலாம்னு எழுத்துல ஒரு உத்தரவு வேணும். மனுவுல அதை மறக்காம எழுதிடுங்க." எழுதிக் கொடுத்தேன். கரியாப்பட்டினத்துப் பக்கம் போகிற வண்டி பிளாட்பாரத்துக்குள் வந்துகொண்டிருந்தது. அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எட்டு நகல் எடுக்க வேண்டும் என்று சொல்லி, வண்டியில் ஏறாமல் ஜெராக்ஸ் கடையைத் தேடிக் கடைத்தெருப் பக்கம் நடந்தார்.